டெக்னிக்கல் டைவிங் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கூபா டைவிங்கில் அட்வான்ஸ்டு கார்டு கைக்கு வந்த மறுவாரமே "அடுத்து டெக் பண்ணிடலாமா அண்ணா?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பண்ணலாம். ஆனால் நான் பார்த்தவரை பலர் சறுக்கியது தண்ணீருக்குள் போவதற்கு முன்பே, பணம் கட்டுகிற மேசையில். எதை முதலில் கேட்க வேண்டுமோ அதைக் கடைசியில் கேட்கிறார்கள்.

சாதாரண ஸ்கூபாவில் ஏதாவது கோளாறு என்றால் மெதுவாக நேரே மேலே வந்துவிடலாம். டெக்கில் அந்த வசதி கிடையாது. 45 மீட்டரில் 25 நிமிடம் இருந்துவிட்டால், மாஸ்க் போனாலும் மூச்சு இழுக்கும் ரெகுலேட்டர் காற்றைக் கொட்டினாலும் பயம் பிடித்தாலும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். இதைத்தான் டெகோ என்கிறோம். தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. கீழே சொல்லும் வரிசை முழுக்க அந்தக் கூரையை நினைத்து வகுத்தது.

1. எங்கே போக வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்

"ஆழமாகப் போகணும்" என்பது இலக்கு ஆகாது. ஒரு இடத்தின் பெயரும் ஆழமும் வேண்டும். நம் ஆட்கள் பலருக்கு ஆசை மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கும் ஹெர்மிஸ் மீது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. சுமார் 53 மீட்டரில் கிடக்கிறது.

அந்த எண்ணை எழுதியவுடனே பாதி முடிவு தானாக வந்துவிடும். 45 மீட்டர் வரை அனுமதிக்கும் கோர்ஸ் உங்களை அங்கே கொண்டு சேர்க்காது. அதற்கு அடுத்த படியும் தேவை. ஆகவே இரண்டு படிகளையும் ஒரே இடத்தில் படிக்க முடியுமா என்று இப்போதே பார்க்க வேண்டும். ஆசை 40 மீட்டரில் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக நிற்பது மட்டும்தான் என்றால், முதல் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். பணமும் மிச்சம்.

2. 18 மீட்டரிலேயே உங்களைச் சோதித்துப் பாருங்கள்

பயிற்சி தந்து கார்டு கொடுக்கும் அமைப்புகளில் பேடியின் (PADI) டெக் 40 பயிற்சிக்குக் குறைந்தது 30 டைவ் கேட்கிறார்கள். டிடிஐயின் (TDI) டெகோ பயிற்சிக்கு 25. இரண்டுக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இவை வாசல்படி எண்கள். என் கணக்கில் 80 டைவ் ஆகாமல் யாரையும் அனுப்ப மாட்டேன், அதிலும் பாதியாவது கலங்கிய தண்ணீரில் ஆகியிருக்க வேண்டும். அதற்கு நம் கடல் போதும்.

புதுச்சேரிக்கு வெளியே பயிற்சி டைவ்கள் பெரும்பாலும் 18 மீட்டரை ஒட்டி நடப்பவை. ஆழம் இல்லையே என்று குறைப்பட வேண்டாம். கீழே உள்ளதை நல்ல துணையோடு அங்கேயே செய்து பாருங்கள்.

மேலே வரும்போது 6 மீட்டரில் நின்று பத்து நிமிடம் அரை மீட்டர்கூட ஏறாமல் இறங்காமல் இருக்க முடிகிறதா? கயிற்றைப் பிடிக்கக் கூடாது. பிறகு அதே இடத்தில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டுங்கள். பிறகு எஸ்.எம்.பி. என்ற மிதவைக் குழலை விரித்து மேலே அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கம்ப்யூட்டரில் ஆழத்தைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மாஸ்க் கழற்றுகையில் 3 மீட்டருக்கு ஏறிவிடுவார்கள். டெகோ பாக்கி இருக்கும்போது அப்படி ஏறுவது என்றால் அந்தக் கூரையில் தலையை இடிப்பதுதான்.

அடுத்து கால். மேலும் கீழுமாக உதைத்து நீந்துகிறவர் நம் ஊர் வண்டலைக் கிளப்பிப் பின்னால் வருபவரின் கண்ணை மறைத்துவிடுவார். உடலைக் கிடையாக வைத்துத் தவளை போல உதைக்கப் பழகியிருக்க வேண்டும். இது டெக் கோர்ஸில் சொல்லித்தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். நாள் கணக்கில் கூலி கொடுத்துக் கற்க வேண்டிய விஷயம் இல்லை இது.

மூன்றாவது, உங்கள் மூச்சுக் கணக்கு. 10 மீட்டரில் பத்து நிமிடம் நிதானமாக நீந்துங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 40 பார் இறங்கியது என்றால் செலவு 440 லிட்டர். பத்து நிமிடத்துக்கு வகுத்தால் 44. அங்கே அழுத்தம் 2 பார், ஆகவே மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 22 லிட்டர்.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றே வைப்போம். 40 மீட்டரில் அழுத்தம் 5 பார். அங்கே நிமிடத்துக்கு 100 லிட்டர் போகும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் மொத்தம் 2,200 லிட்டர். துணைவரின் காற்று கீழேயே தீர்ந்துவிட்டது, இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் இழுக்கிறீர்கள், ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு ஐந்து நிமிடத்தில் மேலே வருகிறீர்கள் என்றால், அதற்கு மட்டும் சுமார் 1,200 லிட்டர் ஒதுக்க வேண்டும். மிச்சம் 1,000. இறங்குகிற நேரத்தையும் சேர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். முதுகில் இரட்டை சிலிண்டர் ஏறுவது இதனால்தான். இந்தக் கணக்கைத் தாளில் தானாகப் போட முடியாதவர் இன்னும் கோர்ஸுக்குத் தயாராகவில்லை.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி வந்தான். சிறு வயதிலிருந்தே சிக்கிய வலையை எடுக்க மூச்சடக்கி முங்கியவன். தண்ணீரில் அவனைவிட லாவகமான ஆளை நான் பார்த்ததில்லை. அவன் சிலிண்டர் காற்று குறையவே குறையாது. "சேத்து வைக்கிறேண்ணே" என்றான் பெருமையாக. ஸ்கூபாவில் அது கெட்ட பழக்கம். மூச்சைத் தேக்கினால் உடம்பில் கரியமில வாயு ஏறும். ஆழத்தில் வரும் நைட்ரஜன் மயக்கத்தையும் ஆக்சிஜன் நச்சையும் அது கூட்டிவிடும். அவனுக்கு அதை மறக்கவே ஒரு சீசன் ஆனது.

3. உடம்பைக் காட்டுங்கள், இன்சூரன்ஸைப் படியுங்கள்

மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுவது நம் வழக்கம். ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சு வலி, காது அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் உள்ளபடி எழுதி, டைவிங் தெரிந்த மருத்துவரிடம் போங்கள். சுமார் நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே சிறு துளை மூடாமல் இருக்கும். பெரும்பாலும் அதனால் தொல்லை இல்லை. ஆனால் முன்பு ஒருமுறை காரணம் தெரியாமல் பெண்ட்ஸ் (உடம்பில் நைட்ரஜன் குமிழ் கட்டும் நோய்) வந்திருந்தால், டெக்குக்கு முன் அதைச் சோதித்துவிட வேண்டும்.

தோளையும் பாருங்கள். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோள்பட்டை எலும்பைத் தொட முடியவில்லையா? இரட்டை சிலிண்டரின் வால்வு அங்கேதான் இருக்கும். காற்று கொட்டும்போது அதை நீங்களேதான் மூட வேண்டும்.

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கென வகுத்த பொது விலக்குகளில் ஸ்கூபா டைவிங்கும் பெயர் சொல்லி வருகிறது, "தொழில்முறையாக ஈடுபட்டால்" என்ற நிபந்தனையோடு. டைவ் மாஸ்டராக வேலை பார்ப்பவர்கள் அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். டான் (DAN) போன்ற அமைப்புகள் டைவர்களுக்கென்று தரும் காப்பீட்டைத் தனியே எடுக்கும்போதும், உங்கள் ஆழமும் டெகோவும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

4. அமைப்பையும் படியையும் பொருத்திப் பாருங்கள்

பேடி, டிடிஐ, எஸ்.எஸ்.ஐ., ஐ.ஏ.என்.டி.டி., ஜி.யு.இ. எனப் பல பெயர்கள் வரும். எது உசத்தி என்ற சண்டையில் நேரத்தை விடாதீர்கள். எந்தப் படி எவ்வளவு ஆழம், எவ்வளவு டெகோ, என்ன வாயு என்று மட்டும் பாருங்கள்.

பேடியில் டெக் 40 என்பது 40 மீட்டரும் பத்து நிமிடத்துக்கு மிகாத டெகோவும். டெக் 45 என்பது பெயரில் உள்ள ஆழம்தான். டிடிஐயில் அட்வான்ஸ்டு நைட்ராக்ஸையும் (ஆக்சிஜன் கூட்டிய வாயு) டெகோ பயிற்சியையும் சேர்த்தே எடுப்பது வழக்கம், 45 மீட்டர் வரை. அதற்கு மேல் எக்ஸ்டென்டட் ரேஞ்ச் 55, ஹீலியம் கலந்த வாயுவில் போகும் ட்ரைமிக்ஸ் 60, அட்வான்ஸ்டு ட்ரைமிக்ஸ் 100. ஜி.யு.இ.யில் ஃபண்டமென்டல்ஸ் என்ற அடிப்படைப் பயிற்சியில் டெக் தரத்தில் தேறினால்தான் அடுத்த கதவு திறக்கும். இரண்டாவது பகுதியில் சொன்ன சோதனையில் தடுமாறியவர்களை நான் அந்த மாதிரி அடிப்படைப் பயிற்சிக்கோ டிடிஐயின் இன்ட்ரோ டு டெக்குக்கோதான் முதலில் போகச் சொல்வேன். ஆழம் கூடாது, பழக்கம் கூடும்.

இதில் ஒரு பொறி உண்டு. 50 மீட்டருக்கு மேலும் வெறும் காற்றிலேயே அழைத்துப் போகும் கோர்ஸ் மலிவாக இருக்கும், ஏனென்றால் ஹீலியம் விலை அதிகம். ஆழம் கூடக் கூடச் சுவாசிக்கும் வாயு அடர்த்தியாகிறது. லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை. காற்றில் முதல் எண்ணை 31 மீட்டரிலும் இரண்டாவதை 39 மீட்டரிலும் தொட்டுவிடுவோம். ஹெர்மிஸ் கிடக்கும் 53 மீட்டரில் அது 8 கிராமை எட்டும். நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ளத் திணறும், மயக்கம் வேறு. ஆகவே இலக்கு 40ஐத் தாண்டினால், அடர்த்தியைக் குறைக்கும் ஹீலியம் உள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள். "அந்தக் காலத்தில் நாங்கள் காற்றிலேயே போனோம்" என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள்.

5. பயிற்சியாளரை நேர்காணல் செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் பெரியது. கார்டில் அமைப்பின் பெயர் இருக்கும், ஆனால் சொல்லித்தருவது ஒரு ஆள். ஃபோனில் அரை மணி நேரம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம், நல்லவர்கள் கேள்வியை விரும்புவார்கள்.

கடைசியாக எப்போது, யாருக்குக் கார்டு கொடுக்காமல் அனுப்பினீர்கள்? முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். "எங்க ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் பாஸ்" என்றால் அங்கே தரம் என்று ஒன்று இல்லை. எனக்கே முதல் முறை கார்டு கிடைக்கவில்லை. 6 மீட்டரில் வால்வை மூடித் திறக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் அந்த மனிதர் கை கொடுத்து, "ஆறு மாதம் கழித்து வா" என்றார். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். அதே ஆண்டு என் நண்பர் ஒருவர் வேறொரு இடத்தில், கையை நீட்டினால் விரல் தெரியாத தண்ணீரில், நான்கே நாளில் கார்டு வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் 30 மீட்டரைத் தாண்டவே இல்லை. பயமாக இருக்கிறது என்றார். அவரிடம் இருந்தது கார்டு மட்டும்தான்.

அடுத்து, பாடம் நடத்தாத நாட்களில் நீங்கள் டெக் டைவ் போகிறீர்களா, கடைசியாக எங்கே? நீச்சல் சொல்லித்தருபவர் கடலுக்கே போகாமல் இருப்பது போன்ற ஆட்கள் இதிலும் உண்டு.

டெகோவுக்கு என்ன கிரேடியன்ட் ஃபேக்டர் (எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் கம்ப்யூட்டரில் கூட்டிக் குறைக்கும் எண்) வைக்கிறீர்கள், ஏன்? இதில் எண்ணைவிட "ஏன்" முக்கியம். மேலே வரும் வழியில் மிக ஆழத்திலேயே நிறுத்தங்களைத் தொடங்குவதால் நன்மை என்று முன்பு நம்பினார்கள். 2011இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வு வெளியான பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் படித்துக்கொண்டே இருக்கிறார் என்று பொருள். "கம்ப்யூட்டர் சொல்லும், நாம் கேட்போம்" என்றால் அடுத்த எண்ணை அழுத்துங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்கள்? இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. நான்காவது ஆள் தடுமாறும்போது பயிற்சியாளரின் முதுகு அவர் பக்கம் இருக்கும்.

தமிழில் விளக்குவாரா என்றும் கேளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட வாயுக் கணக்கைத் தாய்மொழியில் கேட்டால்தான் முகம் தெளிகிறது.

6. பொருள் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்

கோர்ஸில் சேர்வதற்கு முன்பே சிலிண்டர், கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கிவிடுகிறவர்கள் அதிகம். முதுகில் இரட்டை சிலிண்டரா, இரு பக்கமும் தொங்கும் சைட்மவுண்டா என்பதே பயிற்சியாளரைப் பொறுத்து மாறும். ரெகுலேட்டர் குழாய் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் என்பதும் அப்படியே. முதலில் வாடகைக்கு எடுங்கள்.

இப்போதே வாங்கலாம் என்றால் மூன்று: உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் இரண்டு, நல்ல எஸ்.எம்.பி.யும் அதன் கயிறு சுற்றிய ஸ்பூலும், நைலான் வலையை அறுக்கும் கத்தி. கடைசியது ஏன் என்பது இந்தக் கடலில் பத்து முறை முங்கியவர்களுக்குத் தெரியும்.

7. வாயு, படகு, அவசரம்

நைட்ராக்ஸ் எங்கே நிரப்புகிறார்கள், ஒவ்வொரு சிலிண்டரையும் மாணவரே அளந்து தன் கையால் ஸ்டிக்கர் ஒட்டுகிறாரா என்று பாருங்கள். டெகோவுக்குக் கொண்டுபோகும் 50 சதவீத ஆக்சிஜனை 21 மீட்டருக்குக் கீழே வாயில் வைக்கக் கூடாது. தவறி 40 மீட்டரில் வைத்தால் ஆக்சிஜன் அழுத்தம் 2.5 பார். வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் நழுவும், ஆள் மூழ்குவார். தூய ஆக்சிஜனுக்கு எல்லை 6 மீட்டர். "நாங்களே அளந்து வைத்துவிட்டோம் சார்" என்று சிலிண்டரைக் கையில் கொடுக்கும் இடத்தில் படிக்காதீர்கள்.

படகில் முதலுதவி ஆக்சிஜன் இருக்கிறதா, படகு ஓட்டுபவருக்கு அதைக் கொடுக்கத் தெரியுமா? ஏனென்றால் தண்ணீருக்குள் இருப்பது பயிற்சியாளர், மேலே தனியாக இருப்பவர் அவர்தான்.

பெண்ட்ஸ் வந்தவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எது என்று கேட்டு, நீங்களே அங்கே ஃபோன் செய்யுங்கள். பெரிய மருத்துவமனை என்பதால் அழுத்த அறை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். புண் ஆற்றுவதற்காக வைத்திருக்கும் அறையில் டைவரை நள்ளிரவில் எடுப்பார்களா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

8. மாதத்தையும் ஊரையும் பாருங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவரும் சேறு கடலூருக்கு வெளியே தண்ணீரைத் தேநீர் ஆக்கிவிடும். அந்த மாதங்களில் தியரி படியுங்கள், நீச்சல் குளத்தில் இரட்டை சிலிண்டரோடு பழகுங்கள். பிப்ரவரி, மார்ச் ஓரளவு தெளிவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். டெகோ நிற்கும்போது எஸ்.எம்.பி.யோடு நீரோட்டத்தில் மிதந்து போவோம். தேங்காய்த்திட்டிலிருந்தும் கடலூரிலிருந்தும் கிளம்பும் விசைப்படகுகள் அந்த ஆரஞ்சுக் குழலைப் பார்த்தால் ஒதுங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியாது. தடைக்காலத்தில் அந்தக் கவலை குறைவு. மற்ற மாதங்களில் உங்கள் மிதவையைத் தொடர்ந்து வரும் படகு கட்டாயம் வேண்டும்.

உண்மையைச் சொன்னால், அடிப்படைத் திறன்களை இங்கே முடித்துவிட்டு ஆழ டைவ்களுக்கு வெளியூர் போவதே பலருக்குச் சரிப்படும். எகிப்தின் தகாப் போன்ற இடங்களில் கரையிலிருந்தே ஆழம் தொடங்குகிறது, ஒரு வாரத்தில் படகுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். இரண்டு ஊரிலும் ஒரே அமைப்பாக இருந்தால் பாதிப் பயிற்சியை மாற்றிக்கொள்வது எளிது. அப்படிச் செய்வதானால் இரு பயிற்சியாளர்களும் முன்கூட்டியே ஒருவரோடொருவர் பேசியிருக்க வேண்டும்.

திரும்பும் நாளையும் கணக்கில் வையுங்கள். டெகோ டைவுக்குப் பிறகு 24 மணி நேரமாவது விமானம் வேண்டாம், உயரத்தில் அழுத்தம் குறைந்து பெண்ட்ஸ் வரலாம். விமானத்தை எல்லோரும் நினைவில் வைப்பார்கள், மலையை மறந்துவிடுவார்கள். ஊட்டி 2,240 மீட்டர். பெங்களூரே சுமார் 900 மீட்டர். ஞாயிறு மதியம் வரை முங்கிவிட்டு அன்றிரவே பெங்களூர் பஸ் ஏறும் வார இறுதி ஆட்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. திங்கள்கிழமை லீவு போடுங்கள்.

9. பணம்

மொத்தத் தொகையைக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள்: பயிற்சிக் கூலி, வாயு, படகு, வாடகை, புத்தகமும் கார்டும். மலிவான இடத்தில் ஹீலியமும் படகும் வெளியே இருக்கும். கடல் சரியில்லாமல் நாள் போனால் யார் செலவு, தேறாவிட்டால் கூடுதல் நாளுக்கு எவ்வளவு என்பது எழுத்தில் வேண்டும். கூடுதல் நாளுக்கு விலை சொல்ல முடியாதவர், யாரையும் நிறுத்திவைத்துப் பழகாதவர்.

10. முன்பணத்துக்கு முன் ஒரு நாள் டைவ்

எல்லாம் பொருந்தினால், கோர்ஸ் அல்லாத சாதாரண டைவ் ஒன்றுக்கு அவரோடு போங்கள். கூலி கொடுத்தே போங்கள். லாக் புத்தகத்தை எடுத்துப்போங்கள், அவர் அதைப் புரட்டிப் பார்க்கிறாரா என்று பாருங்கள்.

படகில் கிளம்பும் முன் சரிபார்ப்பைத் தன் மேலும் செய்துகொள்கிறாரா? திட்டமிட்ட நேரம் வந்ததும், மீன் கூட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மேலே வரச் சொல்கிறாரா? நீங்கள் கட்டைவிரலை மேலே காட்டினால் காரணம் கேட்காமல் திரும்புகிறாரா? கடைசியதை நான் வேண்டுமென்றே செய்து பார்ப்பதுண்டு. நடுவில், ஒரு கோளாறும் இல்லாதபோது, "மேலே போகலாம்" என்று காட்டுவேன். ஒருவர் தோளைக் குலுக்கி, இன்னும் காற்று இருக்கிறதே என்று கேஜைக் காட்டினார். இன்னொருவர் உடனே தலையசைத்து, என் பக்கத்திலேயே 5 மீட்டர் வரை வந்து, படகில் ஏறிய பிறகுதான் "என்னாச்சு?" என்று கேட்டார். இரண்டாமவரிடம் முன்பணம் கட்டினேன்.